வெப்பம் போகும் வழி

கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் லேத்து பழக வரும் பையனிடம் மைக்ரோமீட்டரைக் கொடுப்பதற்கு முன்பே சீவலைப் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். நான் பழகிய இடத்தில் போர்மேன் அண்ணன் ஒரே கேள்வியைத்தான் ஓயாமல் கேட்பார். "ஏந்தம்பி, சூடு எங்க போகுது?" கார்பைடு டூலில் ஸ்டீல் ஓடும்போது சீவல் நீலமாகச் சுருண்டு விழுந்தால் அவருக்குத் திருப்தி. சூடு சீவலோடு வெளியே போகிறது. சீவல் வெளுத்திருந்து டூல் முனை கருகினால் சூடு டூலில் தங்குகிறது. இரண்டும் சரியாக இருந்து சைஸ் மட்டும் தப்பினால் சூடு ஜாப்புக்குள், அதாவது வெட்டுப்படும் துண்டுக்குள், இறங்கியிருக்கிறது. வெப்பம் போக இந்த மூன்று வழிகள்தாம். எந்த வழியில் போக விடுவது, எதை அடைப்பது என்று தீர்மானிப்பதுதான் உலோகம் வெட்டுபவனின் பாதி வேலை. கட்டிங் ஆயிலில் தொடங்கித் திரவ நைட்ரஜன் வரை நான் புழங்கிய எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டு வந்திருக்கிறேன்.

இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் ஊருக்குக் காட்டியது ஒரு பீரங்கிப் பட்டறை. மியூனிக் நகரத்து ஆயுதச் சாலையில் பெஞ்சமின் தாம்சன் என்கிற ரம்ஃபோர்டு பிரபு, பித்தளைப் பீரங்கி உருளையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து மழுங்கிய துளைகருவியால் குடையச் செய்தார். இயந்திரத்தைக் குதிரை சுற்றியது. இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்ததைக் கண்டு கூடியிருந்தவர்கள் வியந்தார்கள் என்று 1798-ல் எழுதினார். வெட்டுக்குச் செலவாகும் சக்தி ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. பெரும்பகுதி உலோகம் நசுங்கிச் சீவலாக மாறும் இடத்தில் பிறக்கிறது. அடுத்தது, அந்தச் சீவல் டூலின் மேல்முகத்தில் உரசி ஏறும் இடம். மூன்றாவது, புதிதாக வெட்டுப்பட்ட பரப்பில் டூலின் பக்கவாட்டு உரசும் இடம். மூன்றும் சேர்ந்து ஒரு அரிசிமணி அகலம்கூட இருக்காது.

அந்தச் சின்ன இடத்தைக் குறிவைக்க வேண்டும் என்று முதலில் கணக்கோடு சொன்னவர் அமெரிக்காவின் ஃபிரெடெரிக் டெய்லர். மிட்வேல் ஸ்டீல் ஆலையில் இருந்தபோது, சீவல் பிரிகிற புள்ளியிலேயே நேராகத் தண்ணீரை நிறையக் கொட்டினால் வெட்டு வேகத்தை 30 முதல் 40 சதம் வரை கூட்டலாம் என்று 1883-ல் கண்டார். அடுத்த ஆண்டு அங்கே புதிய பட்டறை கட்டியபோது ஒவ்வொரு இயந்திரத்தின் அடியிலும் இரும்புத் தட்டு வைத்து, துருப்பிடிக்காமல் இருக்கச் சோடா கரைத்த தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார். இன்று சி.என்.சி. இயந்திரத்தின் அடியில் இருக்கும் கூலண்ட் தொட்டிக்கு அதுதான் முன்னோடி. 1906-ல் அவர் வெளியிட்ட உலோகம் வெட்டும் கலை பற்றிய பெரிய ஆய்வுரையில் இவை எல்லாம் இருக்கின்றன. 'சீவல் பிரிகிற புள்ளி' என்ற அந்தக் குறிப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தண்ணீர் ஏராளமாக ஓடியும் முனை எரிந்து போன எத்தனையோ இயந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். நாசில் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊரில் பம்பும் மோட்டாரும்தான் பழைய தொழில். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று எங்கே போனாலும் வார்ப்பிரும்பு ஓடிக்கொண்டிருக்கும். வார்ப்பிரும்பைக் காய்ந்தபடியே ஓட்டுவது வழக்கம். அதற்குள் இருக்கும் கிராஃபைட்டே வழுக்கிக் கொடுக்கும். சீவலும் தூளாக உதிரும். கூலண்ட் ஊற்றினால் அந்தத் தூள் சேறாகி பம்பை அடைக்கும். அலுமினியம் வந்தால் மண்ணெண்ணெய் தொட்டு ஓட்டுவார்கள், இல்லாவிட்டால் முனையில் அலுமினியம் ஒட்டிக்கொண்டு பரப்பைக் கிழிக்கும். டேப் அடிக்கும்போது தேங்காய் எண்ணெயோ, கந்தகம் சேர்ந்த டேப்பிங் ஆயிலோ ஒரு சொட்டு. டேப் மெதுவாகச் சுற்றுவதால் சூடு குறைவு, அழுத்தம் அதிகம். அங்கே வழுக்கல் வேண்டும். வேகமான டர்னிங்கில் சூடு அதிகம், எண்ணெய் உள்ளே நுழைய நேரமே கிடையாது. அங்கே குளிர்ச்சி வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் ஒரே திரவத்தால் தீர்க்கப் பார்த்ததுதான் தண்ணீரில் எண்ணெய் கலந்த பால்நிறக் கூலண்ட்.

அதைக் கலப்பதே ஒரு பக்குவம். 20 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று டப்பாவில் போட்டிருக்கும். தண்ணீரை முதலில் பிடித்து அதில் எண்ணெயைக் கலக்கியபடியே ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் தயிர் திரிவதுபோல் திரிந்துவிடும். போர் தண்ணீரில் கலந்தால் சுண்ணாம்புச் சத்து எண்ணெயோடு சேர்ந்து மேலே ஏடு படியும்; சிறுவாணித் தண்ணீரில் கலந்த கூலண்ட் மாதக்கணக்கில் பால்போலவே நிற்கும். வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகி எண்ணெய்ச் சத்து ஏறும். ஆகவே ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, மெல்லிய கலவையாக ஊற்றி ஈடுகட்ட வேண்டும். பி.எச். 9-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அது இறங்கினால் கிருமி பெருகிவிட்டது என்று பொருள். மிஷினின் சறுக்குப் பாதைகளிலிருந்து கசியும் எண்ணெய் மேலே மூடிக்கொண்டு காற்று புகாமல் செய்துவிட்டால், ஞாயிறு ஒரு நாள் நின்ற தொட்டி திங்கட்கிழமை அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் கந்தகச் சேர்மங்களைத் தின்று விடும் வாயு அது. இந்தக் கூலண்டில் நாள் முழுக்கக் கை நனைத்து, தோல் வெடித்து, சாப்பிடும்போது எரிச்சலில் முகம் சுளித்தவர்கள் என் பக்கத்து மிஷின்களிலேயே இருந்தார்கள். இயந்திரத்துக்குள் பனிபோல் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைத்தான் அவர்கள் மூச்சில் இழுத்தார்கள். கூலண்டைப் பற்றிப் பேசும் எவரும் இந்தக் கைகளையும் நுரையீரல்களையும் விட்டுவிட்டுப் பேசக் கூடாது. குறைந்த எண்ணெயில், எண்ணெயே இல்லாமல் குளிர்விக்க முடியுமா என்று நான் தேடத் தொடங்கியதற்கு இவர்களும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் டைட்டானியம். வால்வு வேலையிலிருந்து விமானம், விண்வெளிப் பாகங்களின் பக்கம் எங்கள் பட்டறைகள் நகர்ந்தபோது, 6 சதம் அலுமினியமும் 4 சதம் வனேடியமும் கலந்த டைட்டானியக் கம்பிகள் வந்தன. ஸ்டீலில் மணிக்கணக்கில் நின்ற கார்பைடு இன்சர்ட் இதில் சில நிமிடங்களில் முனை இழந்தது. போர்மேன் அண்ணனின் கேள்வியைக் கேட்டால் காரணம் தெரிந்துவிடும். சாதாரண கார்பன் ஸ்டீல் வெப்பத்தைக் கடத்தும் திறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 50 வாட் அளவில் இருக்கும். அலுமினியத்துக்கு 150-க்கும் மேல். இந்த டைட்டானியத்துக்கோ 7 வாட்கூடத் தேறாது. வெப்பத்தைச் சீவலும் வாங்குவதில்லை, ஜாப்பும் வாங்குவதில்லை. மிச்சம் இருக்கும் ஒரே வழி டூல். அதற்கு மேல், 500 டிகிரியைத் தாண்டினால் டைட்டானியம் பெரும்பாலான டூல் பொருள்களோடு வேதியியல் உறவு கொண்டாடத் தொடங்கிவிடும். முனையில் ஒட்டி, பிரிந்து, கார்பைடையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஸ்டீலில் நிமிடத்துக்கு 200 மீட்டர் ஓட்டும் கை, இங்கே 50, 60 மீட்டரிலேயே நின்றாக வேண்டும். 70 பார் அழுத்தத்தில் டூலுக்குள்ளிருந்தே கூலண்டைச் சீவலுக்கு அடியில் பாய்ச்சிப் பார்த்தோம். நல்ல பலன் கிடைத்தது. சீவல் உடைந்தது, முனையும் கூடுதலாக நின்றது. ஆனால் மிஷினுக்குள் பனிமூட்டம் முன்பைவிட அடர்ந்தது.

அப்போதுதான் திரவ நைட்ரஜன் பக்கம் திரும்பினோம். கிரையோஜெனிக் என்றால் மகேந்திரகிரியில் சோதிக்கும் ராக்கெட் எஞ்சின்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் கொங்கு நாட்டில் மாடு வளர்க்கும் எந்த விவசாயியும் திரவ நைட்ரஜனைப் பார்த்திருப்பார். கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகள் மூழ்கியிருக்கும் கேனில் புகைந்துகொண்டிருப்பது அதுதான். 1892-ல் ஜேம்ஸ் டிவார் கண்டுபிடித்த இரட்டைச் சுவர்ப் பாத்திரத்தின் வழிவந்த கேன். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதம் இருக்கும் நைட்ரஜனைக் குளிர்வித்துப் பிரித்தெடுத்தால், மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் தெளிந்த திரவம் கிடைக்கும். எங்கள் பட்டறைகளிலும் அது முற்றிலும் புதியது இல்லை. இறுக்கமான புஷ்ஷையும் வால்வு சீட்டையும் அதில் முக்கிச் சுருங்க வைத்து, சுத்தியல் படாமல் துளைக்குள் இறக்குவது பழைய வழக்கம். வெட்டும் முனைக்கு அதைக் கொண்டுவருவதுதான் எங்களுக்குப் புதிய வேலை. உலக அளவில் பார்த்தால் அந்த முயற்சிக்கும் வயதாகிவிட்டது. 1950-களிலேயே திரவ நைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் வெட்டுமுனையில் சோதித்திருக்கிறார்கள்.

மைனஸ் 196 என்று கேட்டதும், எடுத்து ஊற்றினால் போதும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு படம் தெரியும். ஒரு கிலோ தண்ணீர் கொதித்து ஆவியாக 2257 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கிலோ திரவ நைட்ரஜன் ஆவியாக உறிஞ்சுவது 199 கிலோஜூல்தான். வெப்பத்தைச் சுமக்கும் கொள்ளளவில் தண்ணீரை அடிக்க ஆளில்லை. இன்னொரு தடையும் உண்டு. சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் ஒட்டாமல் முத்தாக ஓடுமே, அதே வேலையை நைட்ரஜன் சூடான உலோகத்தின் மேல் செய்யும். அடியில் ஆவிப் படலம் ஒன்று விரிந்து திரவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756-லேயே இதை எழுதிவைத்தார். ஆக, நைட்ரஜனை மேலிருந்து கொட்டினால் பாதிக்கு மேல் புகையாகப் போய்விடும். அழுத்தத்தோடு, மெல்லிய தாரையாக, சீவலுக்கும் டூல் முகத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பாய்ச்சினால்தான் ஆவிப் படலம் கிழிந்து திரவம் உலோகத்தைத் தொடும்.

இதை அழுத்தமாகக் காட்டிய ஆய்வு ஒன்றை எங்கள் பொறியாளர் தம்பி கொண்டுவந்து கொடுத்தார். ஹாங், டிங் இருவரும் இதே டைட்டானியக் கலவையை வெட்டி, குளிர்விக்கும் இடத்தை மாற்றி மாற்றி வெப்பநிலையை ஒப்பிட்டு 2001-ல் வெளியிட்டது. காய்ந்த வெட்டு எல்லாவற்றிலும் மோசம். அதற்கு அடுத்த மோசம், டூலின் முதுகுப் பக்கம் திரவ நைட்ரஜனை ஓடவிடுவது. சாதாரணப் பால் கூலண்ட் அதைவிட நன்றாகக் குளிர்வித்தது. ஜாப்பை முன்கூட்டியே உறையவைப்பது அதற்கு மேல். டூலின் பக்கவாட்டில் பாய்ச்சுவது இன்னும் மேல், சீவல் ஏறும் முகத்தில் பாய்ச்சுவது அதனினும் மேல். முகத்துக்கும் பக்கவாட்டுக்கும் சேர்த்துப் பாய்ச்சியதே எல்லாவற்றிலும் சிறந்தது. மைனஸ் 196 டிகிரித் திரவம், இடம் தப்பினால், அறை வெப்பநிலைக் கூலண்டிடம் தோற்றுப் போகிறது. டெய்லர் தண்ணீரைக் கொண்டு கண்டதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணத்தை நான் படித்ததில்லை.

நாசில் துளையைச் சுருக்கி, சீவல் உடைப்பானுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்து ஓட்டியபோது பலன் கண்ணுக்கே தெரிந்தது. இன்சர்ட்டை லென்ஸில் பார்த்தால், முகத்தில் விழும் குழி ஆழமாகாமல் நின்றது. டைட்டானியம் ஒட்டுவது குறைந்தது. சீவல் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் காய்ந்து விழுந்ததால் கழுவாமல் விற்க முடிந்தது. தொட்டியோ நாற்றமோ கழிவு நீரோ எதுவும் இல்லை. ஆபரேட்டர் துணியால் கை துடைக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. உடம்புக்குள் வைக்கும் எலும்பு இணைப்புகளைச் செய்பவர்களுக்கு இது பெரிய வரம். எண்ணெய்க் கறை இல்லாத பரப்பு மிஷினிலிருந்தே வெளிவருகிறது.

எதைக் குளிர்விக்கக் கூடாது என்பதும் இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியது. டூல் குளிர்ந்தால் அதன் கடினம் நிற்கும், நல்லது. ஜாப் குளிர்ந்தால் அதுவும் வலுக்கும். டைட்டானியம் குளிரக் குளிர வெட்ட அதிக விசை கேட்கும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் பிடிவாதமானது. குளிரில் நசுங்கும்போது அதன் உள்கட்டமைப்பே மாறி மார்ட்டென்சைட் ஆகிவிடும். காந்தம் ஒட்டாத கம்பியின் வெட்டிய பரப்பில் காந்தம் ஒட்டும்; அடுத்த வெட்டில் டூல் கல்லில் மோதியதுபோல் அலறும். குறைந்த கார்பன் ஸ்டீலுக்கோ குளிர் உதவும்; நீள நீளமாகச் சிக்கும் சீவல் நொறுங்கி விழும். ரப்பரை உறையவைத்து விறைக்கச் செய்தால்தான் ஒழுங்காகக் கடையவே முடியும். உலோகத்துக்கு உலோகம் குணம் வேறு என்பதால் ஒரே நாசிலை எல்லாவற்றுக்கும் திருப்ப முடியாது.

அடுத்து வழுக்கல். நைட்ரஜன் ஆவிக்கு ஓரளவு உராய்வைக் குறைக்கும் குணம் இருந்தாலும், டேப்பிங், துளையிடல் போன்ற மெதுவான, இறுக்கமான வேலைகளில் எண்ணெய்க்கு மாற்றாக அது நிற்காது. ஆகவே மணிக்குச் சில பத்து மில்லிலிட்டர் எண்ணெயைக் காற்றோடு கலந்து பீச்சும் முறையைக் குளிரோடு சேர்க்கிறார்கள். எந்த எண்ணெய் என்பதில்தான் சிக்கல். மார்கழிக் காலையில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயே பாட்டிலில் உறைந்து நிற்கிறது. 24 டிகிரிக்குக் கீழே போனால் அதன் கதை முடிந்தது. விளக்கெண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழேயும் ஓடும், ஆனால் கெட்டிப்படும். மிகத் தாழ்ந்த குளிரிலும் இளகி நிற்கும் செயற்கை எஸ்டர் வகைகளே இதற்குத் தோது. அவற்றையும் நைட்ரஜன் குழாய்க்குள் விடாமல் தனி நாசிலில் கொண்டுவந்து, சொட்டு உறைவதற்கு முன் முனையைத் தொடும்படி செய்தோம். ஒரு நாசில் சீவலுக்கு அடியில் குளிரைத் தரும், மற்றது பக்கவாட்டில் எண்ணெயைத் தரும். டெய்லரின் தண்ணீரும் டேப் அடிக்கும் ஆளின் ஒரு சொட்டும் பிரிந்து, அதனதன் இடத்தில் வேலை பார்க்கும் ஏற்பாடு அது.

கார்பன் டை ஆக்சைடு இன்னொரு வழி. சிலிண்டருக்குள் 20 டிகிரியில் 57 பார் அழுத்தத்தில் திரவமாகவே இருப்பதால், பாதுகாத்துப் போர்த்திய குழாய் தேவையில்லை. நாசிலை விட்டு வெளியே வந்து விரியும்போதுதான் மைனஸ் 78 டிகிரிப் பனியாகிறது. டூலுக்குள் கொண்டுபோவது எளிது. எண்ணெயும் அதில் கரையும். எங்கள் ஊர் சித்திரை வெயிலை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். 31 டிகிரியைத் தாண்டினால் சிலிண்டருக்குள் திரவம் என்ற நிலையே இல்லாமல் போய்விடும். நாசிலில் பனி குறையும். சிலிண்டரை நிழலில், காற்றோட்டத்தில் வைப்பதிலிருந்து வேலை தொடங்குகிறது.

அளவு பார்ப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அளவைக்கான வெப்பநிலை 20 டிகிரி என்று 1931-ல் உலகம் ஒத்துக்கொண்டது. நம் பட்டறையில் 38 டிகிரி இருந்தால் 100 மில்லிமீட்டர் ஸ்டீல் தண்டு 20 மைக்ரான் பெருத்தே இருக்கும். நைட்ரஜனில் ஓடி வந்த டைட்டானியம் ஜாப் அதற்கு நேர்மாறாகச் சுருங்கியிருக்கும். 40 டிகிரி குளிர்ந்தால் 100 மில்லிமீட்டரில் 34 மைக்ரான். கடைசி வெட்டுக்கு முன் ஜாப்பைத் தட்டில் வைத்து அறை வெப்பத்துக்கு வரவிட்டு அளக்கும் பொறுமை இல்லாதவர் இந்த வேலைக்கு வரக் கூடாது.

பாதுகாப்பில் எந்தச் சலுகையும் நான் கொடுத்ததில்லை. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் விரிந்தால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. மூடிய அறையில் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராமல் ஆள் சுருண்டு விழுவான். 21 சதத்தில் இருக்க வேண்டிய ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே இறங்கினால் அலறும் கருவி மிஷின் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும். இரண்டு வால்வுகளுக்கு நடுவே திரவம் அடைபட்டால் குழாய் வெடிக்கும், அங்கே அழுத்தம் விடும் வால்வு வேண்டும். கையுறை தளர்வாக, உதறினால் கழன்று விழும்படி இருக்க வேண்டும். சாதாரண இரும்புக் குழாய் அந்தக் குளிரில் கண்ணாடிபோல் உடையும், ஸ்டெயின்லெஸ் அல்லது செம்பு மட்டுமே. ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் திரவமாகும் என்பதால் போர்த்தாத நைட்ரஜன் குழாயின் வெளிப்புறத்தில் ஆக்சிஜன் செறிந்த திரவம் சொட்டும். அதன் அடியில் எண்ணெய்த் துணி கிடந்தால் நெருப்புக்கு நாமே விருந்து வைத்ததாகும்.

புதிதாகப் பட்டறை போடும் பிள்ளைகள் வந்து, "அண்ணா, கிரையோ செட்டப் போட்டுடலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். ஓடுவது வார்ப்பிரும்பும் மைல்டு ஸ்டீலுமாக இருந்தால் வேண்டியதில்லை. நைட்ரஜன் ஒருமுறை பீச்சினால் காற்றோடு போய்விடும். தொட்டியில் சேர்த்துத் திரும்ப ஓட்ட முடியாது. ஓட்டாமல் வைத்தாலும் கேனில் நாளுக்கு நாள் குறையும். முதலில் இருக்கிற நாசிலைச் சீவல் பிரிகிற புள்ளிக்குத் திருப்பட்டும். கூலண்டின் அடர்த்தியைத் தினமும் பார்க்கட்டும், மேலே மிதக்கும் எண்ணெயை எடுக்கட்டும், மூடியும் புகை உறிஞ்சியும் போடட்டும். கார்பைடு மில்லிங்கில் கூலண்டை விட்டு விட்டு அடித்தால் முனை சூடாகிக் குளிர்ந்து சீப்புப் பல்போல் வெடிக்கும்; அங்கே முழுசாக ஊற்றட்டும், அல்லது காற்று மட்டும் அடிக்கட்டும். இவை செலவில்லாத வேலைகள். இவற்றைச் செய்தும் டைட்டானியமோ நிக்கல் கலவையோ முனையைத் தின்றுகொண்டிருந்தால், எண்ணெய்க் கறையே கூடாத பாகம் வந்தால், அப்போது குளிருக்குப் போகட்டும். ஆக்சிஜன் கருவி வாங்கிய பிறகு போகட்டும்.

இந்தத் தொழிலில் குளிர்விப்பான் வாங்குவது எளிது. வெப்பம் பிறக்கும் அந்த மூன்று இடங்களையும், அது வெளியேறும் மூன்று வழிகளையும் தன் ஜாப்பில் அடையாளம் காண்பதுதான் கடினம். அதைக் கற்றுக்கொண்ட ஆபரேட்டருக்குச் சோடாத் தண்ணீரும் திரவ நைட்ரஜனும் ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு கருவிகள். ஐ.டி.ஐ. வகுப்புகளில் கூலண்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி முடிக்காமல், இதைக் கையில் சீவலை வைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது என் ஆசை. டூலும் மிச்சமாகும், அதைப் பிடிக்கும் கையும் மிச்சமாகும்.